சீல் விற்காத செம்மல்

ஜாக்கிக் கம்பெனி ஐயா, உங்களைப் புகழாமல் இருக்க முடியவில்லை. ஒரு தலைமுறைக் காலம் பட்டறைத் தரையில் உருண்டும் உங்கள் ட்ராலி ஜாக்கியின் சட்டம் கோணவில்லை, கை வளையவில்லை, சக்கரத்தில் ஒரு விரிசல் இல்லை. இப்படிப்பட்ட இரும்பின் வயிற்றுக்குள் நாலு ரப்பர் வளையங்களை வைத்து, அவற்றின் அளவை மட்டும் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமல் காத்து வருகிறீர்களே, அந்த மன உறுதி யாருக்கு வரும்!

உங்கள் டீலரும் உங்களுக்கு ஏற்றவர். அந்த வளையங்கள், அதாவது சீல்கள், தேய்ந்துபோய் மாற்று கிட் கேட்டதற்கு, “அந்த மாடலை நிறுத்தியாச்சு சார், கிட் வராது. புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க” என்றார். துளி ரப்பருக்காக நாங்கள் வெயிலில் அலையக் கூடாதாம். அதற்காக, குறையில்லாத அத்தனை இரும்பையும் காயலான் கடைக்குப் போடச் சொல்லும் தாராளம் அவருக்கு இருக்கிறது.

எதை அழியாமல் வைப்பது, எதை அழிய விடுவது என்பதிலும் உங்கள் தெளிவுக்கு ஈடில்லை. கம்பெனியின் பெயரை வார்ப்பிலேயே புடைத்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இரும்பு உள்ளவரை அது இருக்கும். மாடல் நம்பரைக் காகித ஸ்டிக்கரில் அச்சடித்து, எண்ணெய் வழியும் இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறீர்கள். யாரைப் பாராட்ட வேண்டும் என்பது எங்களுக்கு என்றும் தெரியும். எந்த சீல் கேட்க வேண்டும் என்பதுதான் தெரியாது.

இந்தச் சாமர்த்தியம் பழையவர்களுக்கு இல்லை. ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் ஏறும்போது தானே விரிந்து சுவரைப் பிடிக்கவும், அழுத்தம் இறங்கியதும் தளரவும் செய்யும் தோல் கிண்ணத்தை அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே அமைத்ததாகச் சொல்வார்கள். இன்று ஜாக்கிக்குள் இருக்கும் யூ கப் என்ற ரப்பர் சீலின் உதடும் அதே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்காவில் வாக்கர், பிளாக்ஹாக், ஹெய்ன்-வெர்னர் என்ற பழைய ஜாக்கிகளுக்கு இன்றும் சீல் கிட் விற்கிறார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் பழுது பார்க்கிறான். வியாபாரம் தெரியாத ஊர் போலிருக்கிறது.

நம் ஊரும் அப்படித்தான் இருந்தது. இந்தியா மார்க் 2 அடிபம்பின் வரைபடத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை. அளவுகள் பொதுத் தரமாக இருந்தன. அதனால் யார் செய்த பம்பாக இருந்தாலும் வாஷர் பொருந்தியது. 1980-களில் கோவைப் பக்கத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்த்து, தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டார்கள்; அதையும் ஊரறியச் செய்தார்கள். குடிதண்ணீர் நின்றுபோகக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு உங்கள் அளவுக்கு ரகசியம் காக்க வரவில்லை.

உங்கள் மௌனத்தால் எங்கள் மெக்கானிக் அண்ணன் எவ்வளவோ கற்றுக்கொண்டார். ஜாக்கியைப் பிரித்து, கறுத்த எண்ணெயை வடித்து, சிலிண்டருக்குள் ஓடும் தண்டான ரேமை உருவினார். யூ கப் வெளியே வந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் போல டக்கென்று சத்தம் போட்டது. உதட்டில் ஒரு பக்கம் பொடிந்து போயிருந்தது. பழைய சீலை அளந்து பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். எண்ணெயில் ஊறி, சூட்டில் இறுகி, அதன் அளவு எப்போதோ மாறியிருக்கும். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தையும், ரேமையும், சிலிண்டரின் உள் விட்டத்தையும்தான் வெர்னியர் வைத்து அளந்தார்.

அளவுகளோடு அவர் போன சென்னை ஜி.பி. ரோட்டில், ஓ ரிங் என்ற வட்ட சீல்களின் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்குல வரிசையில் 2.62 மில்லிமீட்டர் தடிமன், மெட்ரிக் வரிசையில் 2.5. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் பள்ளத்தில் மற்றதைப் போட்டால், ஒரு முடி அளவு இடைவெளியில் எண்ணெய் கசியும், அல்லது இறுக்கத்தில் ரப்பர் அறுபடும். எது எந்த வரிசை என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் எங்கள் அண்ணனின் கைத்திறமை வெளியே தெரியாமலே போயிருக்கும்.

எண்ணெயின் பெயரையும் நீங்கள் மறைத்ததில் பலர் பிரேக் ஆயிலை ஊற்றிக் கற்றுக்கொண்டார்கள். ஜாக்கிக்கு வேண்டியது ஹைட்ராலிக் ஆயில். பிரேக் ஆயில் நைட்ரைலுக்கு ஆகாது. ரப்பர் ஊதி இளகிவிடும், புது சீலும் வீணாகும். அந்தப் படிப்புக்கான கட்டணத்தையும் அவர்களே கட்டினார்கள்.

உங்கள் ஜாக்கி இரக்கமுள்ளது என்பதையும் சொல்லியாக வேண்டும். சீல் போனால் அது பெரும்பாலும் தடாலென்று விழுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல இறங்குகிறது. அடியில் ஸ்பேனரும் கையுமாகப் படுத்திருக்கும் பையனுக்கு வண்டி நெஞ்சருகே வரும்வரை தெரியாது. ஸ்டாண்ட் வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள் என்று பட்டறை பட்டறையாக நாங்கள் கத்திக்கொண்டிருக்கிறோம். கிட் விற்றால் தேய்ந்த சீலோடு இத்தனை ஜாக்கிகள் ஓடாது என்பதை நீங்கள் கத்தாமலே அறிந்திருக்கிறீர்கள்.

கடைசியில் பம்ப் பக்கத்து ஓ ரிங்குகள் கடையில் கிடைத்தன. யூ கப் எங்கும் இல்லை. லேத் பட்டறைக்காரர் பாலியூரித்தேன் கட்டையில் கடைந்து கொடுத்தார். காற்றை வெளியேற்றி, வண்டியைத் தூக்கி, இரவு முழுக்க ஸ்டாண்டுக்கு மேல் விரல்கடை உயரத்தில் நிறுத்திப் பார்த்தோம். காலையில் அதே உயரம்.

ஒரு தகவல் மட்டும் உங்கள் காதில் போட வேண்டும். ரேமின் விட்டம், சிலிண்டரின் உள் விட்டம், பள்ளத்தின் அகலம், ஆழம் என நாலு எண்களையும் அண்ணன் பட்டறைச் சுவரில் பெயிண்டால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து போனில் படம் எடுத்துப் போகிறார்கள். இத்தனை வருஷம் நீங்கள் காத்த ரகசியத்தை இப்படி அம்பலமாக்கிவிட்ட அவரைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.