பிளாட்டினம் மாட்டிய ஆணி

2010 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற வளாகத்தைத் திறந்துவைக்கப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தார். உச்சியில் குவிமாடம் முடியவில்லை. அதனாலென்ன? கலை இயக்குநர் தோட்டா தரணி போட்டுக் கொடுத்த செட், குவிமாடமாக நின்றது. உலகிலேயே பசுமைச் சான்று பெற்ற முதல் சட்டமன்றக் கட்டடம் என்று மார்தட்டினோம். அடுத்த ஆண்டே சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது. 2014-ல் அங்கே மருத்துவமனை வந்தது. ஏழை எளியவர்களுக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பசுமைக்கென்று போட்ட செட்டை மட்டும் இந்த ஊர் இன்னும் பிரிக்கவில்லை.

ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். கத்திரி வெயில் கொளுத்துகிற ஊரில் தலை முதல் கால் வரை கண்ணாடி உடுத்திய கட்டடங்கள். உள்ளே புகுந்த வெப்பத்தை விரட்ட ஏ.சி., கண் கூசினால் திரை, திரை போட்டதால் இருட்டு, இருட்டுக்குப் பட்டப்பகலில் விளக்கு. வரவேற்பறைச் சுவரில் பசுமைக் கட்டடப் பட்டயம்: பிளாட்டினம்! முற்றமும் தாழ்வாரமும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் வைத்துக் கட்டிய பழைய மேஸ்திரிக்கு இதெல்லாம் கிடைக்காது. அவரிடம் கன்சல்டன்ட் கிடையாதே.

இந்தப் பட்டயத்துக்கு மதிப்பெண் போடுகிற அழகே தனி. சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் மதிப்பெண் உண்டு. விட்டிருக்கிறார்கள், கீழ்த்தளத்தில் பளபளவென்று எஃகுக் கம்பிகள், அவற்றில் தரை துடைக்கிற துணி காய்கிறது. அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்து உயிரோடு வந்து சேருகிறவருக்குப் பரம்வீர் சக்ராதான் தரவேண்டும். சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டிவிட்டு, மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு மதிப்பெண் வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? மிச்சமிருந்த பள்ளிக்கரணைச் சதுப்பை 2022-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்ததற்கும் கைதட்டியவர்கள் நாம்தான்.

பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் அதற்கும் மதிப்பெண். நிறுத்தம் இருக்கிறது, நிழல்தான் இல்லை. பிளாட்டினத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேதான் நிற்கிறார். "வந்தா வரும் சார்" என்கிறார். ரயில் கதையும் இதுதான்: வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. பறக்கும் ரயில் பாதை. 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. மேம்பாலம் என்றால் மட்டும் நமக்கு எப்படி இறக்கை முளைக்கிறதோ!

சரி, இத்தனை ஏ.சி.க்கும் மின்சாரம்? 2023-ல் சென்னைக்குக் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டு, 2050-க்குள் கரிமச் சமநிலை என்று சபதம் போட்டோம். மறு வருஷம் மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்தைத் திறந்தோம். இரண்டுக்கும் மேடை, இரண்டுக்கும் பொன்னாடை. அங்குள்ள மின் நிலையங்களின் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலக்கிற கதையைச் சொல்லிச் சொல்லிக் காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வலை வீசினால் மீனுக்குப் பதில் சேறு. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கண்ணாடிக் கட்டடம் கேட்டார்களா? தென்சென்னைக்குப் பிளாட்டினம், வடசென்னைக்குச் சாம்பல்: இதற்குப் பெயர் திட்டமிடலாம்!

சான்றிதழ் வழங்கும் கனவான்களே, கட்டி முடிக்கும் முன்னே கம்ப்யூட்டர் ஊகித்துச் சொன்ன மின் கணக்கை நம்பிப் பட்டயம் நீட்டாதீர்கள். வருஷா வருஷம் கட்டிய கரண்ட் பில்லையும், ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் பில்லையும் கண்ணாடிச் சட்டம் போட்டு அதே வரவேற்பறையில் தொங்கவிடச் சொல்லுங்கள். "அது கம்பெனி ரகசியம்" என்பார்கள். அப்படியானால் பட்டயத்தைக் கழற்றிவிடுங்கள். பெருக்குகிற அம்மாவுக்குச் சாப்பாட்டுப் பையை மாட்ட அந்தக் கட்டடத்தில் இதுவரை ஓர் ஆணிகூட ஒதுக்கவில்லை. பட்டயம் மாட்டியிருந்த ஆணியையாவது அவருக்குக் கொடுங்கள்.