உபயம்

அரசுப் பள்ளிமேல் பாசம் இல்லாதவர் இந்த நாட்டில் யார்? கவுன்சிலருக்குப் பாசம். அதிகாரிக்குப் பாசம். சேவைச் சங்கத்தாருக்குச் சொல்லவே வேண்டாம். கொடுத்தது நான்கு பெஞ்சு. கொடுத்ததற்கு வைத்த ஃப்ளெக்ஸில் சிரிப்பவர்கள் எட்டுப் பேர். பெஞ்சைவிட ஃப்ளெக்ஸ் நீளம்.

சின்னச் சங்கடம்தான். அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூட அந்தப் பெஞ்சில் உட்காராது.

ஊர் கூடிப் பள்ளியைத் தூக்கி நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் நிலம் கொடுத்தார்கள், மேசை நாற்காலி கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே தங்கள் வீட்டுப் பிள்ளையும் நனைந்தது. அதனால் ஓடு வந்தது.

இப்போது கூரைக்குக் கீழே யாரோ பெற்ற பிள்ளை. அதனால் உபயம் வருகிறது.

2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று மாநில அரசே நன்கொடை கேட்டுக் கிளம்பியது. கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருமான வரி கட்டியாயிற்று. அதன்மேல் உடல்நலம், கல்வி என்று சொல்லி 4 சதவீதம் செஸ்ஸும் பிடித்தாயிற்று. அப்புறம் எதற்கு உண்டியல்? டெல்லியோ, தன் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. நம்மிடம் செஸ் பிடிக்கும்போது மட்டும் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அருகமைப் பள்ளி கதை இன்னும் ருசி. பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் பக்கத்திலிருக்கும் ஒரே பொதுப் பள்ளியில் படிக்கட்டும் என்றது 1964-66 கோத்தாரி குழு. 2009 கல்வி உரிமைச் சட்டமும் அருகமை என்றது. எப்படி? ஏழை பிள்ளைக்குப் பக்கத்துத் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம். கட்டணம் அரசு கட்டும். தன் கடைக்கு வருகிறவனை எதிர்க்கடைக்கு அனுப்பி, பில்லையும் தானே கட்டுகிற முதலாளியை வேறெங்கும் பார்க்க முடியாது. பிறகு 'சேர்க்கை குறைந்துவிட்டது' என்று கண்ணீர். பறை அடித்துச் சேர்க்கைப் பேரணி. தட்டி பிடித்து முன்னால் நடக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர், காலையில் தம் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்தவர்கள்? அதைத் தட்டியில் எழுதமாட்டார்கள்.

உண்மையில் பள்ளிக்குத் துணை நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது சட்டம். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, கழிவறைக்குத் தண்ணீர் இல்லை என்று தீர்மானம் போடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதே தீர்மானம். இவர்களுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை.

2011இல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். நாடே வியந்தது. ஒரு தகப்பன் மகளை அரசுப் பள்ளியில் விட்டது செய்தி! 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த வியப்புக்கே இடமில்லாமல் செய்யப் பார்த்தது: அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரி, மக்கள் பிரதிநிதி, நீதிபதி எல்லாரும் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்றது. உத்தரப் பிரதேசத்தில் அந்த உத்தரவு காகிதத்தை விட்டு இறங்கவே இல்லை. கட்சிகள் எல்லாம் ஒற்றுமையாக இருக்கும் விஷயங்களும் உண்டு.

ஆண்டு விழா அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே பட்டம், பதவி எல்லாம் போடுகிறார்கள். அடுத்த ஆண்டு, அவர் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரையும் போடட்டும். ஒரு வரிதான் கூடும். அச்சுக்கூலி என் உபயம்.