பதில் உண்டு, இடந்தான் இல்லை

அமெரிக்காவின் பேர்பெற்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களும் தயாராகவே இருக்கின்றன.

‘எத்தனை மார்க் வேண்டும்?’ கட்-ஆஃப் எதுவும் கிடையாது. உங்களை முழு மனிதராகப் பார்க்கிறோம். அந்த முழு மனிதர் 650 சொல் கட்டுரைக்குள் அடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

‘அப்பா இங்கே படித்தவராக இருந்தால் உதவுமா?’ பல காரணங்களில் அதுவும் ஒன்று. மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்ட் மீது தொடுத்த வழக்கில் 2018இல் வெளிவந்த கணக்கின்படி, அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் தகப்பனைத் தேர்ந்தெடுக்கும்போதே கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

‘நிதியுதவி கேட்டால் விண்ணப்பம் அடிபடுமா?’ சேச்சே! உங்கள் வசதியை நாங்கள் பார்ப்பதே இல்லை. வெளிநாட்டுப் பிள்ளை என்றால் மட்டும் பெரும்பாலான கல்லூரிகளுக்குச் சட்டென்று பார்வை வந்துவிடும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சிலதான் அப்போதும் கண்ணை மூடிக்கொள்கின்றன.

‘காசில்லை என்று எப்படி நிரூபிப்பது?’ பல கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தில் சம்பளம், சேமிப்பு, வீடு, கடன் எல்லாவற்றையும் கொட்டுங்கள். முதல் கல்லூரிக்குக் கட்டணம் 25 டாலர். வருமானம் குறைந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டு ஏழைக்குக் கல்லூரி மனம்வைத்தால் உண்டு.

‘காத்திருப்போர் பட்டியலில் நான் எத்தனையாவது ஆள்?’ பெரும்பாலும் அதில் வரிசை எண்ணே கிடையாது. எண் தெரிந்தால் நீங்கள் நம்பிக்கை இழந்துவிடுவீர்களே!