எத்தனை வாட்ஸ்?

சமையல் சாமான் கடையில், ஜார் மூடி கசியாமல் இருக்குமா, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் உண்டா, கழுவும்போது கை உள்ளே போகுமா என்றெல்லாம் வீட்டம்மா பார்த்துக்கொண்டிருப்பார். வாட்ஸ் மாமாவுக்கு அதெல்லாம் அற்ப விஷயம். சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளி ஸ்டிக்கரைத் தேடுவார். "தம்பி, இது எத்தனை வாட்ஸ்?" "ஆயிரத்தி ஐந்நூறு சார்." "அடேயப்பா, பில் எகிறிடுமே! அறுநூறுல இல்லியா?" இல்லாமல் என்ன? யாரும் சீந்தாமல் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த அறுநூறு வாட் கெட்டிலைக் கடைப் பையன் சட்டைக் கையால் துடைத்தபடியே எடுத்து வருவான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமா படியிறங்கும் கம்பீரத்தைப் பார்த்தால், ஈபிக்குப் பெரிய நஷ்டம் ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போகிறார் என்றே தோன்றும். இந்த வம்சத்தில் வேட்டி கட்டியவரும் உண்டு; பிளக் பாயிண்ட்டைச் செல்போனோடு இணைத்துக் கரண்ட் செலவைப் படம் படமாகக் கோடு போட்டுக் காட்டும் முப்பது வயதுக்காரரும் உண்டு. ஸ்டிக்கரைத் தேடுகிற அவசரத்தில் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

இவர்கள் எல்லோருக்கும் உள்ளது ஒரே குழப்பம்தான். குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்பது வாட். குடத்தில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பது யூனிட். ஈபி காசு கேட்பது குடத்துக்கு. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். யூனிட்டில் சொன்னால் 0.08. அது தண்ணீர் கேட்கிற விலை, எந்தக் கெட்டிலாலும் அதைப் பேரம் பேசிக் குறைக்க முடியாது. 1,500 வாட் கெட்டில் இந்த வேலையை மூன்றேகால் நிமிஷத்தில் முடிக்கும். 600 வாட் கெட்டிலுக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். கூடுதலாக எடுத்துக்கொண்ட ஐந்து நிமிஷமும் கெட்டிலின் உடம்பு வழியாகச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும் என்பதால், கடைசியில் பார்த்தால் மாமா தேடிப் பிடித்து வாங்கியதுதான் ஒரு சொட்டு அதிகம் செலவழித்திருக்கும்.

இட்லி மாவு விவகாரத்தில் இது இன்னும் தமாஷ். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட், மிக்சி 750 வாட். மிக்சியில் மாவரைத்தால் ஐந்து மடங்கு கரண்ட் என்று மாமா தீர்ப்பு எழுதி மையும் காய்ந்துவிட்டது. ஆனால் 150 வாட் கிரைண்டர் முக்கால் மணி நேரம் சுற்றினால் 0.11 யூனிட், 750 வாட் மிக்சி நிறுத்தி நிறுத்தி மொத்தம் ஒன்பது நிமிஷம் ஓடினாலும் அதே 0.11. கிரைண்டர் வாங்குவதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது. கல் நிதானமாகச் சுற்றுவதால் மாவு சூடேறாது, உளுந்து பொங்கி வரும், இட்லி மெத்தென்று இருக்கும். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தவர்களும் வாட் பார்த்துக் கொடுக்கவில்லை. இதே ஸ்டிக்கர் பார்வையால்தான் எலக்ட்ரிக் பிரஷர் குக்கரை, ஆயிரம் வாட் என்ற ஒரே குற்றத்துக்காக, மாமா வீட்டுக்குள் விடமாட்டார். பிரஷர் ஏறிய பிறகு அது தானாகவே அணைந்து அணைந்துதான் எரியும், ஆயிரம் வாட்டும் முழு நேரமும் ஓடாது என்று விற்பனைப் பெண் சொல்லிப் பார்ப்பார். "எல்லாம் விக்கிறதுக்குச் சொல்றதும்மா" என்று சிரித்துவிட்டு மாமா அடுத்த சாமானைக் கவிழ்ப்பார்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபியோடு கணக்கும் சேர்ந்து வரும். கேஸில் வைத்திருந்தால் எவ்வளவு, புதுச் சாமானில் எவ்வளவு, மாசத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு என்று விரல் மடக்குவார். வந்தவர் டம்ளர் சூட்டில் கை மாற்றி மாற்றித் தலையாட்டிக்கொண்டிருப்பார். மாமாவின் ஆயுதத்தையே எடுத்து அதையும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு டம்ளர், 300 மில்லி. அதைக் கொதிக்கவைக்க 0.024 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் பன்னிரண்டு காசு. 1,500 ரூபாய் போட்டு வாங்கிய புதுச் சாமான் அதில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கிறது என்றே தாராளமாக ஒப்புக்கொள்வோம். தடவைக்கு நாலு காசு. போட்ட முதல் திரும்பி வர 37,500 தடவை காபி போட வேண்டும். நாளுக்கு மூன்று வேளை என்றால் முப்பத்து நான்கு வருஷம். வாரன்டி கார்டில் இரண்டு வருஷம் என்றிருக்கும். அந்தக் கார்டும் அட்டைப் பெட்டியோடு பரண்மேல் பத்திரமாக இருக்கும், முந்தைய ஏழெட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்.

மாமாவுக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. வாடகை வீட்டின் ஆறு ஆம்பியர் பிளக்கில் 1,380 வாட்டுக்கு மேல் இழுத்தால் ஒயர் சூடேறும். இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டுமென்றால் இன்னும் குறைவாக வேண்டும். ஹாஸ்டல் அறைக்கும் அப்படித்தான். உண்மை, ஆனால் அது ஒயர் கருகாமல் பார்த்துக்கொள்கிற விஷயம், பில்லைக் குறைக்கிற விஷயம் இல்லை. சின்னச் சாமானுக்குச் சின்னச் செலவுதானே என்பது அடுத்த வாதம். சின்னது என்றால் கொள்ளளவில் சின்னது என்று எடுத்துக்கொண்டால் முழுக்கச் சரி. முட்டை வேகவைக்கிற சின்ன டப்பா இருக்கிறதே, அதில் நாலைந்து ஸ்பூன் தண்ணீர்தான் ஆவியாகிறது. 350 வாட்டில் பத்து நிமிஷம் ஓடினால் 0.06 யூனிட். பெரிய ஓவனைச் சூடாக்கி இரண்டு கட்லெட் வாட்டுவதைவிட ஏர் பிரையரில் வாட்டுவது மிச்சம், ஏனென்றால் சூடாக்க வேண்டிய இடம் சின்னது. தனியாக இருப்பவர் பெரிய கெட்டில் வாங்கினால், உள்ளே போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடுவரை நிரப்பி, ஒரு டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தை ஆறவிடுவார். ஆக, பார்க்க வேண்டியது லிட்டர். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கடைப் பையன் கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும்.

நிஜமாகவே எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஆவியைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.08 யூனிட் என்று பார்த்தோம். அதே லிட்டரைக் கொதிக்கவிட்டே ஆவியாக்கினால் 0.63 யூனிட், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. மூடாத பாத்திரத்தில் கொண்டைக்கடலை தளதளவென்று கொதிக்கிற வீட்டில் எந்த ஸ்டார், எந்த வாட் இருந்தும் பிரயோஜனமில்லை. 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தது: பருப்பை ஊறவையுங்கள், மூடி போடுங்கள், குக்கர் பயன்படுத்துங்கள், கொதித்ததும் தணலைக் குறையுங்கள், சின்ன பர்னரில் வையுங்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய சூடாறாப்பெட்டி என்று ஒன்று உண்டு. அரிசியைச் சில நிமிஷம் கொதிக்கவிட்டுப் பாத்திரத்தோடு இந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், உள்ளே இருக்கிற சூட்டிலேயே சோறு வெந்துவிடும். வயரும் இல்லை, பிளக்கும் இல்லை. மாமா இதை ஒரு சாமானாகவே மதிக்க மாட்டார். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஸ்டிக்கர் இருக்காதே! ஊறவைத்து மிச்சப்படுத்துவதில் என்ன பெருமை? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஊறுகிற கடலையைக் காட்ட முடியுமா?

இவ்வளவு சொன்னாலும் இவர்மேல் ஒரு பிரியம் உண்டாகத்தான் செய்கிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கிடந்த நாட்களைப் பார்த்தவர். கரண்ட் வருகிற நேரத்துக்குள் மாவரைத்து, மோட்டார் போட்டு, சட்டை தேய்த்து முடித்த வீடு அவருடையது. வீணாக்கக் கூடாது என்கிற துடிப்பு அவரிடம் பொய்யில்லை. மைக்ரோவேவை அணைத்தபிறகும் கடிகாரம் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். மாமா போய் ஸ்விட்சையே அணைத்துவிட்டு வருவார். வீட்டார் சிரிப்பார்கள். அது மூன்று வாட் இழுத்தால் இரண்டு மாச பில்லில் நாலு யூனிட்டுக்கு மேல் வருகிறது. ஒரு வேலையும் செய்யாமல் இழுத்த நாலு யூனிட். அங்கே அவர் பக்கம்தான் நியாயம்.

விபரீதம் அவர் இண்டக்ஷன் அடுப்புக்கு முழுசாக மாறும் அன்றைக்கு ஆரம்பமாகிறது. அடுப்பைக் குறை சொல்லவில்லை. கேஸ் அடுப்புக்கு இந்தியத் தரநிலை கேட்பது 68 சதவீத வெப்பத்திறன்தான். நல்ல இண்டக்ஷன் அதை எளிதாக மிஞ்சும். ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற வேலையை அதில் செய்ய ஏறத்தாழ 145 யூனிட் வேண்டும். சிலிண்டர் ஒன்றரை மாசம் வருகிற வீடென்றால் இரண்டு மாச ரீடிங்கில் சுமார் 190 யூனிட் கூடும். முதல் நூறு யூனிட் இலவசம், 500-க்குள் இருக்கும்வரை கீழ்ப்படிகளுக்குச் சலுகை, தாண்டினால் அந்தச் சலுகையும் போய் மேல் யூனிட்டுகளின் விலையும் ஏறும் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். 380-இல் நின்ற வீடு 570-க்குப் போய் நிற்கும். அன்று சாயங்காலம் ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, மாமா விசாரணை நடத்துவார். கம்ப்ரசர் முழு மூச்சில் ஓடினால் அந்த ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும், நாற்பது தடவை காபி போடுகிற கரண்ட். குற்றவாளியாக நிறுத்தப்படுவது, சட்னிக்காக ஒரு நிமிஷம் ஓடிய மிக்சி.

அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அறுநூறு வாட் கெட்டிலுக்கு முன்னால் எட்டு நிமிஷம் காத்து நிற்பது மாமா இல்லை. பள்ளிக்கூட வேன் வருவதற்குள் மூன்று டப்பா கட்ட வேண்டியவர், அதே பிளக்கில் எதை எடுத்து எதைச் செருகுவது என்று திணறுகிறவர், ஏர் பிரையர் கூடையின் சந்து சந்தாகப் பிசுக்குத் தேய்ப்பவர் வேறொருவர். அவருடைய காலை நேரம் மாமாவின் எந்த யூனிட் கணக்கிலும் ஏறுவதில்லை. எதற்கு எது வேண்டும் என்று தெரிந்த அவரிடம் கடையில் யாரும் கேட்பதுமில்லை. சமைக்காதவர் சமையல் சாமான் வாங்கக் கூடாது. வாங்கியே தீருவேன் என்றால், அந்தக் கெட்டிலையும் அந்த அடுப்பையும் வைத்து ஒரு மாசம் காலை டிபனை அவரே நேரத்துக்குச் செய்து இறக்கட்டும். பில்லைப் பற்றி அப்புறம் பேசலாம்.