படகுக்குச் சாப்பாடு, கேள்விக்குப் பதில்

நம் மலேசிய மக்களவையில் காஸா என்ற பேச்சு எழுந்துவிட்டால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசமே தெரியாது. ரோஹிங்கியாக்களுக்காக 2016 டிசம்பரில் அப்போதைய பிரதமர் நஜிப்பே கோலாலம்பூர் பேரணியில் முழங்கினார். 2020-இல் அவர்களே லங்காவிப் பக்கம் படகில் வந்தபோது, நம் கடற்படை சாப்பாடு கொடுத்து வந்த வழியே அனுப்பி வைத்தது. விருந்தோம்பலில் குறை சொல்லக் கூடாது.

யாராவது ஓர் உறுப்பினர் அகதிகளைப் பற்றிக் கேட்டால் பதில் தயார்: 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை, ஆனாலும் மனிதாபிமானத்தோடு தங்க விடுகிறோம். அமைச்சர் மாறுவார், ஆட்சியே மாறும். இந்தப் பதில் மட்டும் தேர்தலில் தோற்றதே இல்லை. துணைக்கேள்விக்கும் அதையேதான், கொஞ்சம் மெதுவாகப் படிப்பார்கள்.

தங்குமிடத்துக்கு வருவோம். ஜொகூரில், பொந்தியான் வட்டாரத்துப் பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பேர்போன ஊர். குடிநுழைவுத் தடுப்பு முகாமும் அங்கேதான். இத்தகைய முகாம்களுக்குள் ஐ.நா. அகதிகள் ஆணையத்தை விடுவதை 2019 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அன்னாசியைப் பற்றி அறிய அருங்காட்சியகம் இருக்கிறது, யாரும் போகலாம்.

ஐ.நா. ஆணையம் தரும் அகதி அட்டையை வைத்துக்கொண்டு சட்டப்படி வேலை செய்ய முடியாது. அப்படியானால் சாலையோரப் புல்லை வெட்டுவது யார் என்று இன்னும் எந்த உறுப்பினரும் கேள்வி நேரத்தில் கேட்டதாக எனக்கு நினைவில்லை.