காலவழுவமைதி

எழுத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் கணக்கு வராது என்று ஒரு பேச்சு உண்டு. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்பும், ஒரு விளம்பரக் கம்பெனிக்கு ஜவுளிக்கடை வாசகமும், ஓர் இதழுக்குத் தொடரும் எழுதித் தருகிற ஃப்ரீலான்ஸ் அண்ணாச்சியின் நோட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நீள நோட்டு, சிவப்பு மையில் கோடு. பக்கத்தின் தலைப்பில் ‘வரவு’ என்று எழுதி, அதை அடித்து, ‘வரவேண்டியது’ என்று திருத்தியிருக்கும். தீபாவளி மலர்க் கதை 3,000. மொழிபெயர்ப்பு இரண்டாம் தவணை 12,000. கல்யாணப் பத்திரிகை வாசகம் 500. கூட்டல் ஓர் இடத்தில்கூடப் பிசகாது. பிசகுவது காலம். வரும் என்பதை வந்தது என்று வாசித்துவிடுகிறார். இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறது. இலையில் பாதிச் சோறு மிச்சமிருக்க, ‘இந்தா வந்துட்டேன்’ என்று குரல் கொடுக்கலாம். காலவழுவமைதி என்று நன்னூலார் மன்னித்துவிடுவார். மளிகைக்கடைக்காரர் நன்னூல் படித்ததில்லை.

இது அண்ணாச்சி கண்டுபிடித்த வியாதி அல்ல, வம்சமே பெரிது. கடையத்தில் வாழ்ந்த நாட்களில், 1920 வாக்கில், பாரதி தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டார். மொத்தம் 4 லட்சம் பிரதி. முதல் செலவு 20,000 ரூபாய். ஓரிரண்டு வருடத்தில் லாபம் ஒன்றரை லட்சம். நண்பர்களிடம் ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கேட்டார். ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டும் மாதம் 2 சதவீத வட்டியும் தருவதாகச் சொன்னார். கணக்குத் தெரியாதவன் போடுகிற கணக்கா இது? பெருக்கல் சுத்தம். வாங்குகிறவன் மட்டும்தான் குறைவு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார். நெல்லைக்காரரான புதுமைப்பித்தனும் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தவர்தான், அதுவும் கைகொடுக்கவில்லை. நம் அண்ணாச்சிக்கு இந்த இருவரின் மேதைமை வாய்த்ததோ என்னவோ, கணக்குப் போடும் முறை அப்படியே வாய்த்திருக்கிறது.

கொடுக்கிற கூலியே சொற்பம், அதுவும் பிந்தி வருகிறது, அவரைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். கூலி சொற்பம் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் பிந்தி வருகிறது என்ற வாதம் தாமிரபரணிக் கரையில் எடுபடாது. இந்த ஆறே மாதச் சம்பளக்காரன் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஒரு வரத்து, வடகிழக்கில் ஒரு வரத்து. அதை வைத்துத்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். நடுவில் சமாளிக்கத்தான் மேலே பாபநாசம் அணையும், வழியெல்லாம் எட்டு அணைக்கட்டுகளும். கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றாலும் அம்பாசமுத்திரத்துச் சம்சாரி அதைக் குதிர் நெல்லோடு கூட்ட மாட்டார். அறுத்து, தூற்றி, கூலி அளந்து, விதைநெல்லை ஒதுக்கினால்தான் அவருக்கு அது நெல். அண்ணாச்சிக்கும் இரண்டே போகம்தான்: தீபாவளி மலர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அந்த இரண்டில் வருவதைப் பன்னிரண்டாக வகுத்தால் ஆடியிலும் அடுப்பு எரியும். அவரோ மலருக்கான பணம் வந்த சாயங்காலமே டவுனுக்குப் போய் அரைக்கிலோ அல்வா வாங்கி, வழியில் பார்த்த மூன்று கவிஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வருகிறார். மழை குறைந்த ஊரில்தானே மடையைப் பார்த்துத் திறக்க வேண்டும்?

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கௌரவமானது: பணத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினால் கற்பனை வற்றிவிடும். அவர் கேட்கிற லட்சணத்தைப் பார்த்தால் அப்படி ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆசிரியருக்குப் போன் போட்டு, மூட்டுவலி எப்படி என்று விசாரித்து, நெல்லையில் வெயில் கொளுத்துவதைச் சொல்லி, கடைசியில் “சும்மாத்தான் கூப்பிட்டேன்” என்று வைத்துவிடுகிறார். அந்தப் பக்கம் தானாகவே புரிந்துகொண்டு, “அக்கவுண்ட்ஸ்ல சொல்லியாச்சு அண்ணாச்சி, பணம் வந்துட்டுன்னு வச்சிக்கோங்க” என்றால் போதும். பதிலுக்குப் பதில் அதே இலக்கணம். உடனே நோட்டில் ஒரு டிக். தொகை, தேதி, வங்கிக் கணக்கு எண் போட்ட ஒரு பில்லை அனுப்பக் கால் மணி நேரம் ஆகாது; அதை அனுப்பினால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறார். ஓசியில் எழுதினால் மரியாதை கூடுகிறதா என்று மட்டும் யோசிப்பதில்லை.

இத்தனை ‘வரவேண்டியது’களில் உண்மையிலேயே உறுதியானது ஒன்று உண்டு. விளம்பரக் கம்பெனி அவருக்குப் பணம் கொடுக்கும்போது 10 சதவீதம் வரி பிடித்து, அவருடைய பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிடுகிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத அண்ணாச்சி ரிட்டர்ன் தாக்கல் செய்தால், அந்தப் பணம் மூட்டுவலி விசாரிக்காமலே வங்கிக்கு வந்து சேரும். நீள நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அந்தத் தொகை மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது.