மேக்ரோ கேள்விகள்: ஓட்டும் முன் படியுங்கள்

கே: நான் டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். புரோகிராம் எழுதத் தெரியாது. எனக்கு மேக்ரோ எதற்கு?

வருகிற ஒவ்வொரு கோப்பிலும் இரட்டை இடைவெளியை நீக்குகிறீர்கள், வெற்றுப் பத்திகளை எடுக்கிறீர்கள், எழுத்துருவை மாற்றுகிறீர்கள், பக்க எண் போடுகிறீர்கள். இந்த நாலையும் வரிசையாக எழுதிவைத்தால் வேர்ட் ஒரே சொடுக்கில் முடித்துத் தரும். அந்தக் கட்டளை வரிசைதான் மேக்ரோ. எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பிறர் எழுதிய மாதிரியைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கே: நண்பர் மெயிலில் ஒரு மாதிரி மேக்ரோ அனுப்பியிருக்கிறார். எங்கே ஒட்டுவது?

வேர்டில் ஆல்ட்+எஃப்11 அழுத்துங்கள், மேக்ரோ எடிட்டர் திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் 'நார்மல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் 'மாட்யூல்' கொடுங்கள். திறக்கும் வெள்ளைப் பக்கத்தில் 'சப்' என்று தொடங்கும் வரியிலிருந்து 'எண்ட் சப்' வரை ஒட்டுங்கள். வேர்டுக்குத் திரும்பி ஆல்ட்+எஃப்8 அழுத்தினால் அதன் பெயர் தெரியும். நார்மலில் வைத்தது அந்தக் கணினியில் நீங்கள் திறக்கும் எல்லா ஆவணத்துக்கும் உதவும். ஒரு ஆவணத்தோடு மட்டும் போகவேண்டும் என்றால், நார்மலுக்குப் பதில் அந்த ஆவணத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டி, ஆவணத்தை 'டாக்எம்' வகையில் சேமியுங்கள். 'டாக்எக்ஸ்' கோப்பில் மேக்ரோ தங்காது.

கே: ஒட்டியதும் சில வரிகள் சிவப்பாகிவிட்டன. ஏன்?

முதலில் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். மெயிலிலும் வேர்டிலும் அவை அழகுக்காக வளைந்துவிடும். மேக்ரோவுக்கு நேர்க்குறிதான் புரியும். வளைந்ததை அழித்து, எடிட்டருக்குள்ளேயே மறுபடி தட்டுங்கள். அப்படியும் சிவப்பு போகவில்லையா? நீளமான ஒரு வரி மெயிலில் இரண்டாக உடைந்திருக்கும். சேர்த்துவிடுங்கள்.

கே: மேக்ரோவுக்குள் தமிழில் எழுதினால் வெறும் கேள்விக்குறியாக வருகிறதே?

அந்த எடிட்டர் யூனிகோடில் இயங்குவதில்லை. தமிழைத் தாங்காது. எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோடு எண்ணைக் கொடுங்கள். 'சிஎச்ஆர்டபிள்யூ' என்ற கட்டளையில் 2949 என்றால் 'அ', 2965 என்றால் 'க'. ஆவணத்தில் எழுத்து சரியாகவே விழும்.

கே: மேக்ரோ என்றாலே வைரஸ் என்கிறார்களே?

பயத்துக்குக் காரணம் உண்டு. 1995-இல் 'கான்செப்ட்' என்ற மேக்ரோ வைரஸ் வேர்ட் கோப்புகள் வழியே பரவியது. 1999 மார்ச்சில் வந்த 'மெலிசா', கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அதனால்தான் 2022 முதல், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பு 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். மாதிரி மேக்ரோவை எழுத்தாக வாங்கி நீங்களே ஒட்டுவதுதான் நல்ல வழி. தவறான வரி இருந்தால் ஓடும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

கே: படிக்கும்போது எதைத் தேடுவது?

'ஷெல்' வேறு நிரலை ஓட்டும். 'கில்' கோப்பை அழிக்கும். 'கிரியேட்ஆப்ஜெக்ட்' வேறு மென்பொருளைத் துணைக்கு அழைக்கும். இடைவெளி நீக்குகிற மேக்ரோவுக்கு இவை மூன்றும் வேண்டாம். இருந்தால் அனுப்பியவரிடம் காரணம் கேளுங்கள். 'ஆட்டோஓப்பன்' என்று பெயரிட்டிருந்தால் ஆவணம் திறந்ததுமே தானாக ஓடும். அதையும் கவனியுங்கள்.

கே: முதல் முறை எப்படி ஓட்டிப் பார்ப்பது?

ஆவணத்தின் நகலில் மட்டும். எடிட்டரையும் வேர்டையும் பக்கம் பக்கமாக வைத்து எஃப்8-ஐ ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். அடுத்து ஓடப்போகும் வரி மஞ்சளாகும். தட்டியதும், பக்கத்து ஜன்னலில் இடைவெளிகள் சுருங்குவது தெரியும். எந்த வரி எதைச் செய்கிறது என்று அங்கேயே புரிந்துவிடும். கன்ட்ரோல்+இசட்டை நம்பி அசல் கோப்பில் இறங்காதீர்கள். ஆவணத்துக்குள் நடந்ததைத்தான் அது திருப்பும், அழிந்த கோப்பைத் திருப்பாது.

கே: இதே மேக்ரோ லிப்ரே ஆபீஸில் ஓடுமா? பிரவுசரில்?

லிப்ரே ஆபீஸில் எளியவை ஓடலாம், பல திருத்தம் கேட்கும். பிரவுசரில் திறக்கும் வேர்டில் ஓடாது.

கே: சுருக்கு விசை வைக்கலாமா?

தாராளமாக. 'கஸ்டமைஸ் ரிப்பன்' பக்கத்தின் அடியில் அதற்கு வழி இருக்கிறது. கன்ட்ரோல்+எஸ்ஸை மட்டும் கொடுக்காதீர்கள். சேமிக்க நினைக்கும்போதெல்லாம் மேக்ரோ ஓடும்.

கே: ஏ.ஐ. எழுதித் தரும் மேக்ரோவை நம்பலாமா?

நண்பர் தந்ததை எப்படிச் சோதிப்பீர்களோ அப்படியே இதையும் சோதியுங்கள்: படியுங்கள், நகலில் ஓட்டுங்கள், எஃப்8 தட்டுங்கள். தேறியதும் இன்னொன்று செய்யுங்கள். மேக்ரோவின் தலையில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, இது என்ன செய்யும், எங்கிருந்து வந்தது, எப்போது சேர்த்தது என்று எழுதிவையுங்கள். அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை வேர்ட் ஓட்டாது, மனிதர்தான் படிப்பார். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போனபின், என்ன செய்கிறதென்றே தெரியாத மேக்ரோவைத் தினமும் ஓட்டும் அலுவலகங்கள் எத்தனையோ. உங்கள் நாற்காலிக்கு அடுத்து வருபவருக்கு அந்தக் கதி வேண்டாம்.